ஐந்து மாதக் குட்டியும் தாயாகலாம்: பெட்டைப் பூனையை முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு

கையில் எடுத்தால் துணிப் பொம்மையின் கனம்தான். தன் வாலையே எதிரி என்று எண்ணிப் பாய்கிறது, தூங்கும்போது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடக்கிறது. இப்படி ஒரு குட்டியைப் பார்த்தால் "இதற்கு இன்னும் காலம் இருக்கிறது" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் பெட்டைப் பூனைக்கு ஆறு மாதம் நிறையாத ஒரு நாளில், அது தரையில் புரண்டு புரண்டு கத்தத் தொடங்கியது. வயிற்று வலி என்று பதறி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பதறவில்லை. வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே முதுகில் விரலை வைத்து அழுத்தினார். பூனை முன்னங்கால்களை மடித்து, பின்புறத்தை உயர்த்தி, வாலை ஒருபக்கமாக ஒதுக்கியது. "வலியெல்லாம் இல்லை, வயதுக்கு வந்துவிட்டது" என்றார்.

பெரும்பாலான பெட்டைப் பூனைகள் 5 முதல் 9 மாதத்துக்குள் முதல் பருவத்துக்கு வருகின்றன. 4 மாதத்திலேயே வருவதும் உண்டு. உடல் வளர்ந்து முடியவோ ஒரு வயதாவது ஆகவேண்டும். நடுவில் கிடக்கும் அந்தச் சில மாதங்களில் அதனால் கருத்தரிக்க முடியும், கருவைச் சுமந்து ஈன்று பாலூட்டும் வலு மட்டும் வந்திருக்காது. கீழே உள்ளவை அந்த மாதங்களைக் கடப்பதற்கான படிகள். உங்கள் பூனை ஏற்கெனவே பருவத்தில் இருந்தாலோ, வெளியே போய்வந்துவிட்டாலோ, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தாலோ அந்தந்த இடத்திலிருந்து படிக்கலாம்.

முதலில் பாலினம், பிறகு வயது

சிரிக்காதீர்கள். "கடுவன்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குட்டி ஒருநாள் அலமாரிக்குள் நான்கு குட்டிகள் போட்டுவைத்த வீடுகள் ஏராளம். குட்டியின் வாலை மெல்ல உயர்த்திப் பாருங்கள். பெட்டைக்கு ஆசனவாயும் அதற்குக் கீழே சிறு நெடுங்கோடு போன்ற பிறப்புறுப்பும் நெருக்கமாக இருக்கும். கடுவனுக்கு இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம், கீழே உள்ளது சிறிய வட்டம் போலத் தெரியும். கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனை, அதனோடு வெள்ளையும் சேர்ந்த மூவண்ணப் பூனை என்றால் ஐயமே வேண்டாம், ஏறக்குறைய எப்போதுமே பெட்டைதான்.

பிறந்த தேதி தெரியாத குட்டிக்கு வயதைச் சொல்வது பற்கள். பால்பற்கள் ஊசி போல மெல்லியவை. 3½ முதல் 4 மாத அளவில் முன்வரிசைச் சிறு பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கும். கோரைப்பற்கள் மாறுவது 5 மாத அளவில். சில நாட்களுக்குப் பழைய கோரையும் புதிய கோரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக்கூடப் பார்க்கலாம். உங்கள் பெட்டைக் குட்டிக்குக் கோரைப்பல் மாறிக்கொண்டிருந்தால் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் வேளை அதுவே. எடையும் ஓரளவு உதவும்: முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ அரை கிலோ கூடும். ஆனால் தெருவில் பட்டினி கிடந்து வந்த குட்டியின் எடை ஆளை ஏமாற்றிவிடும், பல் ஏமாற்றாது.

பருவம் எப்போது வரும் என்பதில் பகல் நீளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பகல் நீளும் மாதங்களில்தான் பூனைகள் பருவத்துக்கு வருகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலும், இரவு வெகுநேரம் விளக்கு எரியும் வீடுகளிலும் இந்தக் கணக்கு செல்லாது, ஆண்டு முழுவதும் வரலாம். சயாமீஸ் போன்ற இனங்கள் சீக்கிரம் வருகின்றன, பாரசீகப் பூனை போன்ற நீள்முடி இனங்கள் தாமதிக்கின்றன. கலப்பினக் குட்டியிடம் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் சீக்கிரம் வரும் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இளம் உடலில் சினை என்ன செய்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றப் படிகளைச் செய்ய மனம் வராது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வளரும் குட்டிக்கு வரும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் அதன் எலும்பையும் தசையையும் கட்டுவதற்கே சரியாக இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் மூன்று நான்கு கருக்கள் வந்து உட்கார்ந்தால் ஒரே சட்டியிலிருந்து இரு குடும்பங்கள் சாப்பிடுவது போலத்தான். தாயின் வளர்ச்சி பின்தங்கும், முதுகெலும்பு துருத்தும், முடி பொலிவிழக்கும். தெள்ளுப்பூச்சியும் குடல்புழுவும் ஏற்கெனவே இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தசோகை கடுமையாகிவிடும். வெளிறிய ஈறுகளோடு பிரசவத்துக்குப் போகும் பூனைக்குச் சிறு இரத்தப்போக்குகூடப் பெரிய இழப்பு.

அடுத்தது இடுப்பெலும்பு. முழு வளர்ச்சி அடையாத இடுப்பின் வழி குறுகலானது. முதல் ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவு. கேட்க நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு குட்டிதான் என்றால் அது வயிற்றில் தாராளமாக வளர்ந்து பெரிதாகிவிடும், குறுகிய வழியில் பெரிய தலை மாட்டிக்கொள்ளும். வழி சரியாக இருந்தாலும் கருப்பை களைத்து முக்குவதை நிறுத்திவிடுவது உண்டு. இரண்டுமே நேராக அறுவைப் பிரசவத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை. உரிய நேரத்தில் மருத்துவர் கிடைக்காவிட்டால் தாயும் குட்டிகளும் சேர்ந்தே போகும்.

தடுப்பூசிக் கணக்கும் உண்டு. குட்டிப் பருவத்துத் தடுப்பூசித் தொடர் முடியவே 4 மாதம் அல்லது அதற்கும் மேல் ஆகும். அதை முடிக்காத பூனை சினையாகி, அந்நேரத்தில் பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் தாக்கினால் கரு கலையலாம், அல்லது பிறக்கும் குட்டிகளின் சிறுமூளை வளர்ச்சி குன்றி அவை வாழ்நாள் முழுவதும் தள்ளாடியே நடக்கலாம். அதே வைரஸின் உயிருள்ள தடுப்பூசியைச் சினையின்போது போட்டாலும் இதே பாதிப்பு நேரக்கூடும் என்பதால், ஊசி போடப் போகும்போது "சினையாக இருக்கலாம்" என்ற ஐயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இணைசேர்க்கையே ஆபத்தில்லாத காரியம் அன்று. கடுவன் பெட்டையின் பிடரியைக் கவ்விப் பிடிக்கும். வெளியே திரியும் கடுவன்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டையிட்டுத் திரிபவை. பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் எஃப்ஐவி முக்கியமாகக் கடிகாயத்தின் வழி பரவுகிறது, பூனை இரத்தப்புற்று வைரஸான எஃப்இஎல்வி எச்சிலில் பரவுகிறது. இந்த இரண்டாவது வைரஸ் தாயிடமிருந்து குட்டிகளுக்கும் போகும். பருவ வேகத்தில் வெளியே பாய்ந்த பூனை சாலையில் அடிபடுவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

கடைசியாக, தாய்மை. பூனைக்கு அது தானாக வந்துவிடும் என்பார்கள். பலவற்றுக்கு வருகிறது. இளம் தாய்க்கு வராமலும் போகிறது. பனிக்குடப் பையைக் கிழிக்காமல் குட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாலூட்டாமல் எழுந்து விளையாடப் போய்விடும். மிரண்டுபோனால் குட்டியைக் கடித்துத் தின்னவும் செய்யும். அதைக் கொடுமை என்று திட்டிப் பயனில்லை. அதுவே இன்னும் குட்டி.

இத்தனையும் ஒவ்வொரு பூனைக்கும் நேரும் என்று நான் சொல்லவில்லை. 7 மாதத்தில் சினையாகி நான்கு குட்டிகளை ஈன்று, ஒன்றும் நடக்காதது போலத் திரியும் பூனைகளும் உண்டு. அப்படி ஒன்றைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டவர்தான் பெரும்பாலும் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று நமக்கு அறிவுரை சொல்ல வருகிறார்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறியுங்கள்

செய்யவேண்டியது ஒன்றுதான்: முதல் பருவம் வருவதற்கு முன்பே, 4 முதல் 5 மாதத்துக்குள், கருத்தடை அறுவை சிகிச்சை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017-இல் 5 மாத வயதுக்குள் செய்துவிடும் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. "6 மாதம் ஆகட்டும்" என்பது பழைய வழக்கம். அந்த ஒரு மாத இடைவெளியில் சினையாகும் பூனைகள் எத்தனை என்று எந்தப் பூனை மருத்துவரும் அலுத்துக்கொண்டு சொல்வார்.

சீக்கிரம் செய்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பூனைக்கு வரும் மடிக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுக்கட்டிகள். 6 மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளில் இந்தப் புற்றின் வாய்ப்பு 91 விழுக்காடு குறைவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு வயதுக்குள் செய்தால் 86 விழுக்காடு. ஒரு வயது தாண்டி, இரண்டாம் ஆண்டில் செய்தால் வெறும் 11. அறுவையில் கருப்பையையும் எடுத்துவிட்டால் அதில் சீழ் கட்டும் நோயும் இல்லை.

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பூனைக்கு நல்லது" என்பதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது. "சீக்கிரம் செய்தால் வளர்ச்சி நின்றுவிடும்" என்பதும் தவறு. எலும்பு நுனிகள் மூடுவது சற்றுத் தாமதமாவதால் அந்தப் பூனைகளின் எலும்பு ஒரு துளி நீளமாகவே வளர்கிறது. "குண்டாகிவிடும்" என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. அறுவைக்குப் பிறகு பசி கூடும், உடல் செலவிடும் ஆற்றல் குறையும். உணவின் அளவைக் குறைத்தால் போதும்.

மருத்துவரிடம் கேட்டுவைக்கவேண்டிய கேள்விகள் இரண்டு. எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக வைக்கவேண்டும் என்பது முதலாவது. சிறு குட்டியை இரவெல்லாம் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், ஆகவே பெரிய பூனைக்குச் சொன்ன கணக்கை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்துப் பட்டை வேண்டுமா, உடுப்பு வேண்டுமா என்பது இரண்டாவது. 10 முதல் 14 நாட்கள் குதிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மறுநாளே திரைச்சீலையில் ஏற முயலும், அதுதான் பெரிய வேலை.

வலிக்கு உங்கள் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரையில் உயிர் போகும்.

அதற்குள் பருவம் வந்துவிட்டால்

பூனைக்கு நாயைப் போல இரத்தக் கசிவு தெரியாது. குரல்தான் அடையாளம்: இரவில் குழந்தை அழுவது போல நீளமான கத்தல். கால்களில், மேசைக் கால்களில், சுவரில் ஓயாமல் உரசும். புரளும். முதுகைத் தொட்டால் பின்புறத்தை உயர்த்திப் பின்னங்கால்களால் மிதிக்கும். சில பூனைகள் சுவரில் சிறுநீரைப் பீய்ச்சும், சாப்பாட்டைக் குறைக்கும். மருத்துவமனைகளில் இதை "ஹீட்" என்பார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும், அடங்கும், இணைசேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். "இந்த முறை கடந்துவிட்டது" என்று மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

உடனே செய்யவேண்டியது கதவு, சன்னல், மொட்டைமாடி வழி எல்லாவற்றையும் அடைப்பது. கிழிந்த கொசுவலையைப் பருவத்திலிருக்கும் பூனை ஒரு தடையாகவே கருதாது. யாராவது மணியடித்தால் பூனையை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் பிறகு வாசலைத் திறங்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆபத்தைப் பலர் காண்பதில்லை. கூடப் பிறந்த கடுவன் குட்டி அண்ணன் தங்கை முறை பார்க்காது. அதை வேறு அறையில் வைக்கவேண்டும். நேற்றுத்தான் கடுவனுக்குக் கருத்தடை செய்தோம் என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், அறுவைக்குப் பின் சில வாரங்கள் வரை அதன் உடலில் விந்து தங்கியிருக்கும். ஒன்றரை மாதம் வரை பிரித்துவைப்பது பாதுகாப்பு.

பருவத்தை நிறுத்த மாத்திரையோ ஊசியோ போடலாம் என்று யாராவது சொன்னால், மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோன்கள். இளம் பூனைகளுக்கு மடி பயங்கரமாக வீங்குவதும், கருப்பையில் சீழ் கட்டுவதும், நீரிழிவு வருவதும் இவற்றின் விளைவுகள். மனிதர்களின் கருத்தடை மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியமும் இதே வகைதான்.

கத்துகிறதே என்று அடிக்கவும் வேண்டாம், அது வேண்டுமென்று செய்யவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலையைச் சொல்லுங்கள். பருவத்தின்போது கருப்பைக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அது அடங்கிய பிறகு வரச்சொல்வார் சிலர், அப்போதே செய்துவிடுவார் சிலர். எதுவானாலும் நாளை அன்றைக்கே குறித்துவிடுங்கள், "அடங்கட்டும், பார்க்கலாம்" என்று விட்டால் அடுத்த சுற்று வந்துவிடும்.

ஒரு மணி நேரம் காணாமல் போய்வந்தால்

பூனைக்கு முட்டை தானாக வெளியேறுவது அரிது. இணைசேர்க்கையின் தூண்டலால்தான், அதுவும் பல முறை சேர்ந்த பிறகு, ஓரிரண்டு நாளில் கருமுட்டைகள் வெளியேறுகின்றன. இயற்கையின் சிக்கனமான ஏற்பாடு இது. நமக்குத்தான் சங்கடம், ஏனென்றால் சேர்ந்தால் வீணாவது அநேகமாக இல்லை. சேர்ந்து முடித்த பிறகும் பருவம் சில நாட்கள் நீடிக்கும். அந்த நாட்களில் மறுபடி வெளியே போனால் வேறு கடுவனோடும் சேரும், ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் இருப்பது இப்படித்தான். ஆகவே "நடந்தது நடந்துவிட்டது" என்று கதவைத் திறந்துவிடாதீர்கள்.

போய்வந்த தேதியை எழுதிவைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். சினை இருக்கிறதா என்று முதல் இரண்டு வாரத்தில் வெளியிலிருந்து சொல்ல முடியாது. 3 வார அளவில் காம்புகள் ரோஜா நிறத்தில் சற்றுப் பெருக்கும். அதே நேரத்தில் ஸ்கேனில் தெரியத் தொடங்கும், 4-ஆம் வாரத்தில் தெளிவாகத் தெரியும். கத்தல் நின்றுபோனது மட்டும் சான்றாகாது. முட்டை வெளியேறிக் கரு தரிக்காமல் போனாலும் ஒரு மாதத்துக்கு மேல் பருவம் வராமல் இருக்கும். வயிற்றை நீங்களே அமுக்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

அடுத்து வருவது கடினமான பகுதி. சினையாக இருக்கும் பூனைக்கும் கருத்தடை அறுவை செய்ய முடியும், சினை அதோடு முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பாதுகாப்பு, நாள் ஏற ஏற இரத்த இழப்பும் ஆபத்தும் கூடும். இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் 5, 6 மாதக் குட்டி ஒன்று, முதல் ஒரு மாதத்துக்குள் தெரியவந்திருக்கிறது, பிறக்கும் குட்டிகளுக்கு வீடும் இல்லை என்றால், நான் அறுவையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அங்கே எனக்கு முதலில் கண்ணில் படுவது ஏற்கெனவே மடியில் இருக்கும் குட்டி. உங்கள் மனம் வேறு மாதிரி சொன்னால் அதையும் தவறென்று சொல்லமாட்டேன். மருத்துவர் பூனையின் எடையையும் உடல்நிலையையும் பார்த்துச் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். முடிவெடுக்காமல் நாளைக் கடத்துவது மட்டும்தான் தவறு.

சினை தொடர்கிறது என்றால்

இணைசேர்ந்ததிலிருந்து 63 முதல் 65 நாள் என்று கணக்கு, ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். இந்தப் பூனைக்குத் தேவை வளரும் குட்டிகளுக்கான உணவு. அதில்தான் இரு வளர்ச்சிக்கும் வேண்டிய சத்து இருக்கிறது. கடைசி வாரங்களில் வயிறு நெருக்கப்படுவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, சிறுசிறு வேளைகளாக வையுங்கள். பாலூட்டும்போது வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும், தடுக்காதீர்கள்.

நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று: சுண்ணாம்புச்சத்து மாத்திரை. சினைக்காலத்தில் வெளியிலிருந்து அதை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடல் சோம்பலாக்கிவிடும். பால் சுரக்கத் தொடங்கிய பிறகு திடீரென்று தேவை ஏறும்போது இரத்தத்தில் அளவு சரியும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள்.

குடல்புழு மருந்தும் தெள்ளுப்பூச்சி மருந்தும் சினைப் பூனைக்கு ஏற்றவையா என்று கேட்டே வாங்குங்கள். நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனையைக் கொல்லும், சினையோ இல்லையோ. 45 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டிகள் என்று எண்ணலாம். ஈனும் நாளில் அந்த எண் கையில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, "முடிந்ததா, இன்னும் இருக்கிறதா" என்று விடிய விடிய விழித்திருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு வாரம் முன்பே அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, சந்தடியில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். நீங்கள் வைத்ததை விட்டுவிட்டு உங்கள் துணி அலமாரியைத் தேர்ந்தெடுத்தால் சண்டை போடாதீர்கள். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே அறுவைப் பிரசவம் செய்வார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்து எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தலையீற்று நாள்

பூனையின் உடல் வெப்பம் வழக்கமாக 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 37.8-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். மண்ணைப் பறிப்பது போலத் துணியைப் பறிக்கும், மூச்சு வாங்கும், உங்களைத் தேடி வரும் அல்லது ஒளியும். தலையீற்றில் இந்த முன்னோட்டம் ஒரு நாள் வரை நீளலாம். அதன் பிறகு முக்கத் தொடங்கும்.

தூரத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். வலுவாக முக்கத் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வராவிட்டால் மருத்துவமனை. குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்தும் 10 நிமிடமாக நகரவில்லை என்றால் மருத்துவமனை. சிவந்த புது இரத்தம் 10 நிமிடத்துக்கு மேல் வழிந்தால், துர்நாற்றம் வீசினால், பூனை துவண்டு சரிந்தால் மருத்துவமனை. வால்பக்கம் முதலில் வருவது பூனைகளில் சாதாரணம், அதைக் கண்டு பயப்படவேண்டாம். மாட்டிக்கொண்ட குட்டியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். பிரசவத்தை விரைவுபடுத்தும் ஊசியை யாராவது வீட்டிலேயே போட வந்தால் தடுத்துவிடுங்கள். வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை அழுத்தச் சொன்னால் அது கிழியும்.

சில பூனைகள் இரண்டு குட்டி போட்டுவிட்டு, பாலூட்டிச் சாப்பிட்டுத் தூங்கி, பல மணி நேரம் கழித்து மீதியைப் போடும். தாய் அமைதியாக இருந்து முக்காமல் இருந்தால் அது பூனையின் பழக்கமே. முக்கி முக்கிக் களைத்து நிறுத்தியிருந்தால் அது வேறு. வித்தியாசம் புரியாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள்.

இளம் தாய் பையைக் கிழிக்காமல் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டால் நீங்கள் இறங்கவேண்டியதுதான். கையைக் கழுவிக்கொண்டு, முகத்துப் பக்கம் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து உலர்ந்த துண்டால் முதுகையும் மார்பையும் தேயுங்கள். கத்தினால் வெற்றி. தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டுங்கள். உடனே தாயின் மூக்கருகே வையுங்கள். பல சமயம் அந்த வாசனையில்தான் தாய்மை விழிக்கிறது.

பிறகு வரும் வாரங்கள்

சமையலறைத் தராசு இருந்தால் அதைப் பெட்டியருகே வைத்துவிடுங்கள். பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும், இளம் தாயின் குட்டி அதற்கும் குறைவாக இருக்கலாம். தினமும் 10 கிராமாவது ஏறவேண்டும். ஏறாத குட்டிக்குப் பால் போதவில்லை. முதல் நாள் சீம்பால் கிடைத்ததா என்பதும் முக்கியம், அதில்தான் நோய்களைத் தடுக்கும் ஆற்றல் இருக்கிறது.

தாய் விட்டுப்போன குட்டி குளிர்ந்திருந்தால் பாலைக் கொண்டு ஓடாதீர்கள். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது, உள்ளே போகும் பால் அதற்கே எமனாகும். முதலில் மெல்ல மெல்லச் சூடேற்றி, பிறகு பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை, குட்டியைக் குப்புற வைத்தபடி புகட்டுங்கள். மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும். பசும்பால் போதாது. ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் பின்புறத்தைத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழிக்கும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும். அலாரத்தோடு வாழ்வதற்குத் தயாராகுங்கள்.

தாயைப் பாருங்கள். பால் கொடுக்கும் முதல் சில வாரங்களில் அது விறைப்பாக நடந்தாலோ, தசை துடித்தாலோ, மூச்சிரைத்தாலோ இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து சரிந்திருக்கலாம், வலிப்பு வரும் முன் மருத்துவமனையில் இருக்கவேண்டும். மடியின் ஒரு பகுதி சிவந்து சூடாகிக் கல்லாக இருந்தால் மடிவீக்கம். நாற்றமடிக்கும் கசிவும் காய்ச்சலும் இருந்தால் கருப்பைத் தொற்று. எதுவும் காத்திருக்கத் தக்கதில்லை.

பால் கொடுக்கும் பூனை சினையாகாது என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் கைவிட்டுவிடுங்கள். சில பூனைகள் ஈன்று ஓரிரு வாரத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கதவு இன்னமும் மூடியே இருக்கட்டும். குட்டிகள் 8 வார அளவில் முழுமையாக உணவுக்கு மாறியபின், மடி வற்ற இரண்டு வாரம் போல விட்டு, தாய்க்கு அறுவை. அந்த நாளை இப்போதே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கூடவே குட்டிகளுக்கு 4 மாதம் நிறையும் தேதியையும் நாட்காட்டியில் எழுதுங்கள். அவற்றை வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது அந்தத் தேதியையும் எழுதிக் கையில் கொடுங்கள்.